ஆணையும் மனச்சான்றும்

இறைவனைச் சான்றாக வைத்து ஆணையிடுதல், அவன் உளனென்று தெளிந்தார்க்கே பொருளுடைய செயலாகும். தெளியாதார் வாயினின்று அரசு அதனை வலிந்து பெறுமாயின், பெறுவது வெறுஞ் சொல்லேயன்றி வாய்மையன்று. இவ்வுண்மையை ஆங்கில நாடு நெடுங்காலம் இடர்ப்பட்டே உணர்ந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆங்கிலப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் ஆணையிட்ட பின்னரே அவையில் அமர்தல் கூடும். அவ்வாணையின் சொற்கள் சிறுபான்மைச் சமயத்தார் பலரை விலக்கும் வேலியாய் நின்றன. கத்தோலிக்கர்க்கு அவ்வேலி 1829-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிற்று. ஆணையிடுதலே தஞ்சமயத்துக்கு மாறென்னுங் குவேக்கர் வகுப்பினராகிய ஜோசப் பீஸ் என்பார், 1833-இல் உறுதிமொழி மாத்திரங் கூறி அமர்ந்தார். யூதராகிய ரோத்சைல்டு 1847-இல் தேர்ந்தெடுக்கப்பட்டும், கிறித்தவ சமயத்தின்மேல் ஆணையென்று மொழிய இசையாமையால், 1858 வரை புறத்தே நின்றார்.

கடவுட் கொள்கை இல்லார்க்கோ வழி பிறந்திலது. 1880-இல் நார்த்தாம்ப்டன் நகரத்தார் தேர்ந்த சார்லஸ் பிராட்லா நாத்திகர். உறுதிமொழி கூற அவர் இசைவு வேண்டினார், அவை மறுத்தது. ஆணையிடவே முன்வந்தார், நம்பிக்கையில்லான் ஆணை தகாதென்று அதனையும் மறுத்தது. அவ்வாண்டே பார்லிமெண்டு மணிக்கூண்டில் ஓரிரவு சிறைவைக்கப்பட்டார். 1881-இல் வலிந்து வெளியேற்றப்பட்டார். நகரத்தாரோ அவரையே மீட்டும் மீட்டுந் தேர்ந்தனர்.

தலைமை அமைச்சராகிய கிளாட்ஸ்டன் ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையார். அவரே 1883-இல் உறுதிமொழி மசோதாவை ஆதரித்துப் பேசினமை வியக்கற்பாலது. அம்மசோதா மூன்று வாக்குகளால் தோல்வியுற்றது. பிராட்லா 1886-இல் ஆணையிட்டு அமர்ந்தார். விரும்புவோர் உறுதிமொழியே கூறலாமென்னுஞ் சட்டத்தை 1888-இல் தாமே முன்னின்று நிறைவேற்றுவித்தார். 1891 ஜனவரியில் அவர் மரணப் படுக்கையிற் கிடந்தபோது, தன் பழைய மறுப்புத் தீர்மானத்தை அவை தன் பதிவேட்டினின்று நீக்கிற்று. மூன்றாம் நாள் அவர் இறந்தார்.

இவர் 1889-இல் பம்பாய்க் காங்கிரசுக்கு வந்து, இந்தியர்க்காகப் பரிந்து பேசியவர். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பும் கடவுள் பெயரால் ஆணை, உறுதிமொழி என்னும் இரண்டனையும் ஒப்ப வைத்தது.

இதனால் நாத்திகம் வளராதோ எனின், அற்றன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் கொள்கையை முதற்கண் எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தார். அறிவால் வெல்லற்பாலதை அரசாணையால் வெல்லுதல் இயலாது. நம்பாதானை ஆணையினின்று விடுவித்தல், நம்புவான் இடும் ஆணையின் தூய்மையைக் காத்தலுமாம் என்க.