ஓடுகிற படகை ஏன் விற்கிறார்கள்?

பழைய லாரியை எப்போது கைமாற்றுவது என்று நாமக்கல்லில் யாரும் புத்தகம் பார்த்து முடிவு செய்வதில்லை. எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்சி. அதற்கு முன்னால் டிங்கரிங், பெயின்ட், டயர். இந்தச் செலவு ஒரு பக்கம், வாடகை வரவு இன்னொரு பக்கம். வரவு தோற்க ஆரம்பிக்கிற வருஷம் வண்டியைத் தள்ளிவிட வேண்டியதுதான். அதுவரைக்கும், ஓடுற வரைக்கும் ஓடட்டும்.

வரவுப் பக்கமே இல்லாத வண்டிக்கு இந்தக் கணக்கு உதவாது. கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றப் போகும் படகு அப்படிப்பட்டது. பைசா சம்பாதிக்காது. பெரும்பாலான நேரம் சும்மா நிற்கும். அதற்கு வயதாகிவிட்டது என்று யார், எதை வைத்து முடிவு செய்வது? பிரிட்டனில் ஓர் அறக்கட்டளை 200 வருஷமாக இந்தக் கேள்வியோடு குடித்தனம் நடத்துகிறது.

1824 மார்ச் 4 அன்று லண்டனில் ஒரு விடுதியில் நடந்த கூட்டத்தில் அது பிறந்தது. தூண்டுதலாக இருந்தவர், ஐல் ஆஃப் மேன் தீவில் வாழ்ந்து, கப்பல்கள் உடைவதைக் கண்ணால் பார்த்த வில்லியம் ஹில்லரி. ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன் என்ற பெயர் 1854இல் வந்தது, சுருக்கமாக ஆர்என்எல்ஐ. கொஞ்ச காலம் அரசு மானியம் வாங்கினார்கள். 1869க்குப் பிறகு அது நின்றது.

1886 டிசம்பர் 9 இரவு, இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் மெக்சிகோ என்ற கப்பல் புயலில் சிக்கியது. மூன்று ஊர்களிலிருந்து மூன்று படகுகள் போயின. லித்தம் ஊரின் புதுப் படகு, கப்பலில் இருந்த 12 பேரையும் கரை சேர்த்தது. மற்ற இரண்டும் கவிழ்ந்தன. காப்பாற்றப் போன 27 பேர் செத்தார்கள். சவுத்போர்ட் படகு, கவிழ்ந்தால் தானே நிமிரும் என்று சொல்லிக் கட்டப்பட்டது. அன்றைக்கு நிமிரவில்லை.

அந்தக் குடும்பங்களுக்காகத் திரண்ட பணமும் பரிவும் ஒரு பழக்கத்தைத் தொடங்கி வைத்தன. சார்லஸ் மக்காரா என்ற பஞ்சாலை முதலாளி 1891இல் மான்செஸ்டர் தெருக்களில் படகையே ஊர்வலமாக இழுத்துப்போய் உண்டியல் ஏந்த வைத்தார். கடலைப் பார்க்காத ஆலைத் தொழிலாளிகளும் காசு போட்டார்கள். இன்று பெரும்பங்கு பணம், செத்தவர்கள் எழுதி வைத்த உயில்கள் வழியே வருகிறது. பல படகுகளுக்கு அவர்கள் பெயர்தான்.

தெருவில் போட்ட காசில் வாங்கிய படகை உடையும் வரை ஓட்டினால் என்ன? அங்கேதான் இவர்கள் கணக்கு லாரிக் கணக்கிலிருந்து பிரிகிறது. படகில் ஏறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளமில்லாத ஊர்க்காரர்கள்: கடைக்காரர், வாத்தியார், மீனவர். பேஜர் அடித்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். அவர்களுக்கு நிறுவனம் கொடுக்கிற ஒரே வாக்கு, ஏறுகிற படகு நம்பத்தகுந்தது என்பதுதான்.

அந்த வாக்கைக் காப்பாற்ற ஒரு ஏற்பாடு இருக்கிறது. படகு பழுதாகும்வரை காத்திருப்பதில்லை. முறை வைத்துப் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். அது போன நாள்களில் நிலையம் காலியாக இருக்காது. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத மாற்றுப் படகுகள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. அதில் ஒன்று வந்து நிற்கும். ஷானன் ரகப் படகை 50 வருஷத்துக்கு என்று வடிவமைத்திருக்கிறார்கள். பாதி ஆயுளில் உடற்கூட்டை வைத்துக்கொண்டு எஞ்சினையும் மின்னணுக் கருவிகளையும் மாற்றிவிடுவார்கள். காற்றடைத்த சிறு படகுகளுக்குச் சுமார் 10 வருஷம்தான்.

சில படகுகள் நல்ல நிலையிலேயே ஓய்வு பெறுகின்றன. 1982இல் வந்த டைன் ரகம் எஃகு உடம்பு, உறுதியானது. ஆனால் வேகம் 17, 18 நாட்தான். ஷானன் 25 நாட் போகும். தண்ணீரில் விழுந்தவனுக்கு அந்த வித்தியாசம் உயிர். அதனால் டைன் விலகியது. இப்படி விலகிய படகுகள் ஐஸ்லாந்து, சீனா, உருகுவே என்று போய் அங்கேயும் மீட்பு வேலை பார்த்தன. சில தனியாரிடம் உல்லாசப் படகாயின. சில சாத்தம் பழைய கப்பல் தளத்தில் காட்சிக்கு நிற்கின்றன.

நம் பக்கம் கதை வேறு. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், பயணிகள் மசூலாப் படகில்தான் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தார்கள். கவிழ்ந்தால் தூக்கிவிட, பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்கள். திறமை அன்றைக்கே இருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்கிற நிறுவனம்தான் வளரவில்லை.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலில் காணாமல் போனவர்களைத் தேட, குமரி, திருவனந்தபுரம் மீனவர்கள் தங்கள் படகிலேயே கிளம்பினார்கள். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. அதே நாள்களில் இங்கே பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் காவிரி வீடுகளுக்குள் புகுந்தது. கேரள மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 669 படகுகள், சுமார் 4,500 பேர். மீட்கப்பட்டவர்கள் பல்லாயிரம்.

கடலுக்குக் கட்டிய படகு, தெருவுக்குள் மதில்சுவரிலும் கேட்டிலும் மோதினால் என்ன ஆகும்? அடிப்பாகம் கிழியும், எஞ்சின் போகும். படகுக்கு நாளுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அரசு அறிவித்தது. சேதத்தைச் சரிசெய்வதாகவும் சொன்னது. நல்ல காரியம். ஆனால் அது ஒரு வெள்ளத்துக்கான அறிவிப்பு. அந்தப் படகுதான் அந்த வீட்டின் சோறு. பட்டறையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லை. அதன் இடத்தில் வந்து நிற்க மாற்றுப் படகும் இல்லை.

அவர்களுக்குத் துணிச்சலை யாரும் கற்றுத்தர வேண்டாம். எந்த ஊரில் எத்தனை படகு வரும் என்ற பதிவேடு, கிழிந்தால் மறுநாளே கிடைக்கிற எஞ்சின், அதற்கென்று எப்போதும் இருக்கிற நிதி ஆகியவைதான் வேண்டும். மான்செஸ்டர் ஆலைக்காரர்களைப் போல, கடலிலிருந்து அரை நாள் லாரிப் பயணத் தொலைவில் இருக்கிற நாமும் அதில் காசு போடலாம். அடுத்த முறை காவிரி கரை மீறினால், அந்தப் படகு நம் தெருவுக்கும் வர வேண்டியிருக்கும்.