குறுக்குக் குழாய் இறங்கிய கதை

அல்சூர் ஏரிக்கு அருகே, ஜோகுபாளையத்துச் சந்து ஒன்றில் இரண்டு சைக்கிள்கள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஆசனத்தின் அடியிலிருந்து கைப்பிடி வரை நேரான குழாய் ஒன்று குறுக்கே செல்கிறது. 'பார்' என்று நாம் சொல்வது அதைத்தான். மற்றதில் அந்தக் குழாய் கீழிறங்கிச் சரிந்து கிடக்கிறது. முன்னது ஆண்களுடையது, பின்னது பெண்களுடையது என்று ஐந்து வயதுக் குழந்தையும் சொல்லிவிடும். இந்தப் பாகுபாடு எங்கே பிறந்தது, அதனால் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

பெடல் என்பதே தோன்றாத காலத்தில், காலால் தரையை உதைத்து ஓட்டும் இருசக்கர வண்டி ஒன்று ஐரோப்பாவில் வழங்கியது. 1819-இல் லண்டன் நகரத்து டெனிஸ் ஜான்சன் என்பவர், சீமாட்டிகள் பாவாடையோடு ஏறி அமரும்படி அவ்வண்டியின் நடுக்கட்டையைத் தாழ்த்தி ஒன்று செய்தார். பின்னர் முன்சக்கரம் ஆளுயரம் வளர்ந்த வண்டிகள் வந்தன. நீண்ட உடை அணிந்தவர் அவற்றை எட்ட நின்று பார்க்கத்தான் முடிந்தது. 1885-இல் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' வண்டியைக் கொணர்ந்தார். தாழ்ந்த சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் உடைய அந்த வண்டியே இன்றைய சைக்கிளின் மூதாதை. 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்து சேர்ந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் பெண்களுக்கென்று தனி வண்டிகள் கடைக்கு வந்தன. குழாய் இறங்கியது, சங்கிலிக்கு மூடி வந்தது, பாவாடை சிக்காதிருக்கப் பின்சக்கரத்தின்மேல் வலை கட்டப்பட்டது. அந்த வண்டியின் வடிவத்தை வகுத்தவர் பாதி பொறியாளர், பாதி தையற்காரர் என்றால் மிகையாகாது.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பந்தல் போடுகிறவர்கள் நான்கு கம்புகளைச் சதுரமாகக் கட்டியதோடு நிற்பதில்லை; மூலைக்கு மூலை ஒரு கம்பைச் சாய்த்துக் கட்டுகிறார்கள். சதுரம் நெளியும், முக்கோணம் நெளியாது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். சைக்கிளின் பார் செய்கிற வேலையும் அதுவே. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக விரிந்து நிற்கும் குழாய்கள் ஏறக்குறைய ஒரு முக்கோணமாகி, சுமையை நீளவாக்கில் தாங்குகின்றன. மேற்குழாயைக் கீழ்க்குழாய்க்கு அருகே இறக்கிவிட்டால் அந்த முக்கோணம் போய்விடும். ஆசனத்தைத் தாங்கும் குழாய் வளைவைத் தாங்க வேண்டியதாகும். ஆகவே குழாய்கள் தடித்தாக வேண்டும், எடையும் கூடும். மெல்லியலார் என்று கருதியவருக்கே கனத்த வண்டியைக் கொடுத்தது உலகம்! பிரெஞ்சு நாட்டார் இரண்டு மெல்லிய குழாய்களைத் தலைப்பகுதியிலிருந்து பின்சக்கரத்தின் அச்சு வரை நீட்டி இக்குறையை ஓரளவு தீர்த்தனர்.

உடைதான் காரணம் என்றால், நம் நாட்டில் வேட்டி கட்டிய ஆடவர்க்கும் அது பொருந்தியிருக்க வேண்டும். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்புறமாகக் காலை வீசி ஏறினார். வேட்டிக்கென்று ஒரு சைக்கிள் எவரும் செய்யவில்லை. ஆசனம் எட்டாத சிறுவர்களோ பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டார்கள். அந்தக் கலையில் முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளாதவர் நம்மில் எத்தனை பேர்?

சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஜோகுபாளையத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவிலுள்ள ஓசூரில் 1980-இல் பிறந்தது டி.வி.எஸ். 50 என்னும் மொபெட். அதற்கும் பார் கிடையாது. ஆனால் அதனைப் பெண்கள் வண்டி என்று எந்த ஆடவரும் ஒதுக்கவில்லை. அதன் வழிவந்த வண்டிகளில் காலிடைப் பள்ளத்தில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு வணிகர்கள் சென்றார்கள். இன்ஜினைப் பூட்டியதும் இறங்கிய குழாய் வெட்கத்துக்குரியதாக இல்லாமற் போயிற்று.

இவ்வரலாற்றின் செழுமையான பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியபோது, ஆட்சித்தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதனோடு சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். விவசாயக் கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் கிராமத்துச் செவிலியரும் ஓட்டக் கற்றார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமப்புறப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கற்றதாகவும், 70,000-க்கும் மேற்பட்டோர் பொது நிகழ்ச்சிகளில் ஓட்டிக் காட்டியதாகவும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அவர் குறித்த வேறொரு செய்தியே நம் பொருளுக்கு உயிரானது. லேடீஸ் சைக்கிள்கள் போதிய அளவில் கிடைக்கவில்லை. அவை வரும்வரை அப்பெண்கள் காத்திருக்கவும் இல்லை. ஆண்களின் வண்டியையே எடுத்தார்கள். எடுத்தவர்களில் சிலர் பிறகு அதையே விரும்பினார்கள். காரணம் எளியது: பாரின்மேல் குழந்தையை உட்கார வைக்கலாம். நூறாண்டுகளாகத் தடை என்று எண்ணிக் கீழே இறக்கப்பட்ட குழாய், அங்கே குழந்தைக்கு ஆசனமாயிற்று.

பின்னர் அரசுகளே சைக்கிள் கொடுக்க முன்வந்தன. தமிழ்நாட்டில் 2001-02-ஆம் ஆண்டில் மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கும், கர்நாடகத்தில் 2006-07-இல் எட்டாம் வகுப்பு மாணவியருக்கும் வழங்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் மாணவர்க்கு ஒரு வகை, மாணவியர்க்கு ஒரு வகை என்றே கொள்முதல் நடந்தது. சுடிதார் அணிந்து பள்ளி செல்லும் பெண்ணுக்குக் குழாய் இறங்கியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. சேலை கட்டிய அவள் தாய்க்கு உண்டு. சுவரில் சாய்ந்த அந்த வண்டியை இருவரும் மாறி மாறி எடுக்கிறார்கள் என்றால் இறங்கிய குழாயே நல்லது. வீட்டின் சின்னப் பையன் மட்டும் பின்னால் கேரியரில் உட்கார்ந்து, அக்காளின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.