மொட்டை மாடியில் ஒரு டிராம்போலின்

பாரிஸ் பக்கத்தில் மச்சான் வீட்டுத் தோட்டத்தில் ஒரு டிராம்போலின் போட்டிருக்கிறார்கள். அவன் பிள்ளைகள் அதில் எகிறுவதை வீடியோ காலில் பார்த்த நாளிலிருந்து என் ஏழு வயது மகள் என்னைத் தூங்க விடவில்லை. "நம்ம மாடியில போடலாம்ப்பா."

காரைக்காலுக்கு இது புதுசு இல்லை. 1962 ஆகஸ்ட் 16இல் பிரான்ஸ் சட்டப்படி ஊரைக் கைமாற்றியது. அப்போது கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. என் சின்ன வயசில் எதிர்வீட்டு சொல்தா தாத்தாவுக்கு வரும் பெட்டியில் சென்ட்டும் சாக்லேட்டும் இருக்கும், தெருவே ஏங்கும். இப்போது பெட்டி வரவேண்டிய அவசியமில்லை. ஆசை மட்டும் போனில் வந்து இறங்கிவிடுகிறது.

வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு ஞாயிறு சாயங்காலம் கடற்கரையில் பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு என்று குதிக்க விடும் இடத்தில் அவளை ஏற்றிவிட்டேன். உள்ளே ஆறேழு பிள்ளைகள். பன்னிரண்டு வயசுப் பையன் ஒருத்தன் பக்கத்தில் தொப்பென்று இறங்கினான், இவள் பந்து மாதிரி மேலே போனாள். கீழே வரும்போது அவளுடைய முழங்காலே அவளுடைய உதட்டைக் கிழித்துவிட்டது. அன்று ராத்திரிதான் இந்தச் சாமானின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

ஆரம்பம் சர்க்கஸில். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துப் பையன் ஜார்ஜ் நிஸன், பார் விளையாடுகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டிய வலையில் விழுந்து துள்ளி எழுவதைப் பார்த்தான். அந்தத் துள்ளல் நிற்காமல் தொடர்ந்தால்? அவனும் பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டும் 1930களில் இரும்புச் சட்டத்தில் கித்தானை ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டினார்கள். மெக்சிகோவில் நிகழ்ச்சி நடத்தப் போன நிஸன், தாவுபலகைக்கான ஸ்பானியச் சொல்லை அங்கே பிடித்துக்கொண்டு வந்து அதையே வியாபாரப் பெயராக வைத்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகளுக்கு ஆகாயத்தில் தலைகீழாகப் புரண்டாலும் திசை தப்பாமலிருக்க இதில்தான் பயிற்சி. 1960இல் நிஸன் ஒரு கங்காருவோடு சேர்ந்து குதித்து போட்டோ எடுத்துக்கொண்டார். வியாபாரி என்றால் இப்படி இருக்கணும்.

வலை என்பது விழுகிறவரைக் காப்பாற்றக் கட்டியது, அதில் விழுகிறவர் விழப் பழகியவர். உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தபோதும் சட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஆள் நிற்பார்கள். தடுமாறினால் உள்ளே தள்ளிவிட. ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் ஏறுவார்.

1960 வாக்கில் அமெரிக்காவில் இது தெருவுக்கு வந்தது. தரையில் குழி வெட்டி, அதன்மேல் கித்தானைக் கட்டி, நேரக் கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். ஊர் ஊராகக் கூட்டம். சாமான் வந்தது, சுற்றி நின்ற ஆட்கள் மட்டும் கூட வரவில்லை. கழுத்து முறிந்தது, வழக்கு வந்தது, காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். சில வருஷத்தில் கடைகள் காணாமல் போயின. எங்கள் கடற்கரைக் கடையைப் பார்த்தபோது அறுபது வருஷம் தாமதமாக அதே கதைக்குள் டிக்கெட் எடுத்து நுழைந்துவிட்டேனோ என்று தோன்றியது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வீட்டுக்கு இது வேண்டாம் என்று 1999இல் சொன்னது. 2012இல் மறுபடியும் சொன்னது. காயங்களில் நான்கில் மூன்று பங்கு, ஒருத்தருக்கு மேல் ஏறிக் குதிக்கும்போது நடப்பவையாம். கனமானவர் அழுத்திய பாய் திரும்பி எழும் வேகம் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைக்குப் போய்விடுகிறது. என் மகளின் உதட்டுக்கு அதுதான் விளக்கம். சுற்றிலும் வலை கட்டியதும் விற்கிறார்கள். வெளியே விழுவது குறையலாம், பாயின்மேலேயே படும் அடிக்கு அது என்ன செய்யும்?

ஆனாலும் இதே சாமான் 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக ஏறியது. அதனால் முழுசாக வெறுக்கவும் முடியவில்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவர் மூன்றடி. நான் பார்த்துவைத்திருந்த மாடலில் பாயே இரண்டரை அடி உயரம். அதில் சும்மா நின்றாலே சுவர் அவள் முழங்காலுக்குக்கூட வராது. போதாததற்குக் காற்று. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் தண்ணீர்த் தொட்டி மூடி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. தோட்டம் எங்களுக்கு இல்லை.

மச்சானிடம் சொன்னேன். "இங்க எல்லார் வீட்லயும் இருக்கு மாமா, நீங்க ரொம்பப் படிக்கிறீங்க" என்றான்.

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சர்க்கஸ், கங்காரு, சுற்றி நிற்கும் நாலு பேர் எல்லாவற்றையும் சொன்னேன். கங்காருவில் சிரித்தாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். "நீங்க, அம்மா, பாட்டி, தாத்தா. நாலு பேர் இருக்கோமேப்பா?"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே கடற்கரைக்குப் போகிறோம். அவள் மட்டும் தனியாகக் குதிக்க மூன்று டிக்கெட் காசு கொடுக்கிறேன். கடைக்காரருக்கு எங்களைப் பார்த்தால் சிரிப்பு. தாத்தாவுக்கு முழங்கால் வலி. அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறார்.