பாரதம் வாசிக்க ஒரு பங்கு

போன மாதம் 'சிவகாமியின் சபதம்' மறுபடி எடுத்தேன். நான்காவது தடவை. மனைவி பார்த்துவிட்டு, "புக் ஃபேர்ல வாங்கின மூட்டை பிரிக்காமலே கெடக்கு, படிச்சதையே எத்தனை தடவைதான் படிப்பீங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. தொழில் புத்தி, உடனே கணக்குப் போட்டேன். வருஷத்துக்குப் பதினைந்து புத்தகம், இன்னும் முப்பது வருஷம் கண் ஒத்துழைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 450. வீட்டில் படிக்காமல் கிடப்பதே இருநூறைத் தாண்டும். ஆக, படித்ததையே மறுபடி படிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் புத்தகத்தைப் பலி கொடுக்கிறேன். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் மாதிரி ஒன்று கிடைத்தது கூரத்தில்.

கூரம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். பல்லவர் காலத்தில் ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நீர்வேளூர் நாட்டைச் சேர்ந்தது. முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு கிடைத்த ஊர் என்பதால் வரலாற்று ஆட்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த செப்பேடு அது. ஹுல்ட்ஸ் படித்து, 1890-இல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். முன்பகுதி வடமொழி, பின்பகுதி தமிழ்.

இதற்கும் கல்கிக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாகவே உண்டு. நாவலின் நாயகன் மாமல்லன், அதாவது முதலாம் நரசிம்மவர்மன். இந்தச் செப்பேட்டைக் கொடுத்த பரமேசுவரவர்மன் அவனுடைய பேரன். தாத்தாவின் புகழைப் பாடும் இடத்தில், பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய போர்க்களங்களில் புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி அதில் வெற்றி என்ற சொல்லை எழுதினான் என்கிறது செப்பேடு. வாதாபி அழிவையும் சொல்கிறது. நாவலை மூன்றாவது தடவை முடித்த சூட்டில், இதற்காகத்தான் அந்தத் தொகுதியின் ஸ்கேன் பிரதியைத் தேடி இறக்கினேன். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

தேடியது கிடைத்தது. கூடவே பேரன் நடத்திய சண்டையும் கிடைத்தது. பல லட்சம் படையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தல் துணியோடு தனியாக ஓடினானாம். (இதே சண்டையைச் சாளுக்கியர் செப்பேடுகளில் படித்தால் ஜெயித்தவர் வேறு. அது தனிக்கதை.) முக்கியமான இடங்களில் கோடு போட்டுக்கொண்டு கோப்பை மூடினேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் கூரம் செப்பேடு என்றால் பல்லவ-சாளுக்கியப் போர் ஆவணம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம், நாவல் கையில் இருந்த தைரியத்தில், அதே கோப்பை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை தமிழ்ப் பகுதியைக் கடைசி வரை படித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. சண்டை முன்னுரை மட்டும்தான். ஆவணம் எழுதப்பட்டதே வேறு காரியத்துக்கு. கூரத்தில் மன்னன் கட்டிய சிவன் கோயிலுக்கு வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருஹம் என்று பெயர். அதற்குப் பரமேசுவரமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுக்கிறான். ஊரின் வருவாய் 25 பங்காகப் பிரிகிறது. பூசைக்கும் கோயில் பழுது பார்க்கவும் மூன்று பங்கு. வேதம் கற்ற பிராமணர்களுக்கு இருபது. கோயில் மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைப்பவருக்கு ஒன்று. மிச்சம் ஒரு பங்கு அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு.

ஒரு கிராமத்து வருவாயில் நூற்றுக்கு நான்கு, ஒரே ஒரு புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க! அதுவும் தண்ணீரும் நெருப்பும் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில், அதே அளவு. மண்டபத்துக்கு வருகிற ஆளுக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்தவன், குடிக்கத் தண்ணீர், இருட்டுக்கும் குளிருக்கும் தீ, கேட்க பாரதம் என்று முடித்திருக்கிறான். வித்யாவினீதன் என்பது மன்னனின் பட்டப்பெயர். கல்வியால் பணிவு பெற்றவன் என்று பொருள். மன்னர்களின் பட்டப்பெயர்களை நான் பொதுவாக நம்புவதில்லை. இந்தப் பங்கைப் பார்த்த பிறகு இவனிடம் கொஞ்சம் இளகிவிட்டேன்.

கவனிக்க வேண்டியது, இது ஒரு தடவை வாசித்து முடிக்கிற ஏற்பாடு இல்லை. செப்பேட்டுத் தானம் என்றாலே சந்திரன் சூரியன் உள்ளவரை என்று அர்த்தம். பதினெட்டாம் பருவம் முடிந்தால் மறுபடி ஆதிபர்வம். கேட்பவன் முதல் தடவையிலேயே கதையைத் தெரிந்துகொண்டு விடுவான், பிறகு எதற்கு என்ற சந்தேகம் நிதி ஒதுக்கியவனுக்கு வரவே இல்லை.

கூரத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல இது. கம்போடியாவில் வியல் கந்தேல் என்ற இடத்தில் கிட்டத்தட்ட இதே காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஒருவர் கோயிலுக்கு ராமாயணம், புராணம், முழு பாரதம் ஆகிய நூல்களைத் தானமாகக் கொடுத்து, தினமும் இடைவிடாமல் வாசிக்க ஏற்பாடு செய்திருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே யோசனை.

இதெல்லாம் பழங்கதை என்றும் தள்ள முடியாது. காஞ்சிபுரம், செய்யாறு, திண்டிவனம் பக்கத்துக்காரர்களுக்குத் திரௌபதி அம்மன் திருவிழாவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாட்டுப் பாட்டாக எடுத்து விளக்கம் சொல்வார். ராத்திரி அதே பகுதி கூத்தாக நடக்கும். அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி என்று பத்து நாளோ பதினெட்டு நாளோ ஓடும். மழை பொய்த்தால் விராட பர்வம் வாசிக்கச் சொல்வார்கள். வீட்டில் மட்டும் பாரதம் படிக்கக் கூடாது, சண்டை வரும் என்று ஒரு நம்பிக்கை. நான் சின்ன வயதில் கூத்துப் பார்க்கப் போனபோது கவனித்த ஒரு விஷயம்: பாதி ஜனம் பாயில் தூங்கிக்கொண்டிருக்கும். துகில் உரியும் கட்டம் வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்காரும். என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய கேள்வி வேறு. "இந்த வருஷம் பாஞ்சாலி கட்றது யாரு?"

இதே கூரத்துக்கு இன்னொரு வாசகரும் உண்டு. நான் இதுவரை சொன்னதற்கெல்லாம் நேர் எதிர் அவர். கூரத்தாழ்வான், ராமானுஜரின் சீடர். பதினோராம் நூற்றாண்டில் இந்த ஊரில் பிறந்தவர். ஊர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குத்தான் பெருமை.

வைணவ குருபரம்பரைக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுத போதாயன விருத்தி என்ற பழைய நூல் ராமானுஜருக்குத் தேவைப்படுகிறது. அது இருந்தது காஷ்மீரத்தில். குருவும் சீடரும் அவ்வளவு தூரம் போய் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், அங்கிருந்த பண்டிதர்கள் துரத்தி வந்து பறித்துக்கொண்டு போகிறார்கள். ராமானுஜர் உடைந்து போகிறார். அப்போது ஆழ்வான் மெதுவாகச் சொல்கிறார்: தாங்கள் தூங்கிய இரவுகளில் அடியேன் அதைப் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டேன். அந்த நினைவை வைத்துக்கொண்டுதான் ஸ்ரீபாஷ்யம் எழுதப்பட்டது என்கிறது மரபு. ராமானுஜர் சொல்ல, ஆழ்வான் எழுதுவார். தனக்கு உடன்பாடு இல்லாத இடம் வந்தால் எழுத்தாணியை நிறுத்திவிடுவார். ஓரிடத்தில் அப்படி நிறுத்தி, குருவின் கோபத்தையே சம்பாதித்துக்கொண்டார்.

கதையின் எந்தப் பகுதி வரலாறு, எது பக்தி என்று பிரிப்பது என் வேலை இல்லை. எனக்கு வேண்டியது அதில் இருக்கிற வாசகர். ஒரு தடவை படித்தால் போதும் என்பவர். மறுவாசிப்பு வேண்டாம் என்கிற கட்சிக்கு இவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. என் மனைவிக்கு இவர் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றே நான் தோற்றிருப்பேன்.

ஆனால் அந்த நூல் என்ன ஆயிற்று? போதாயன விருத்தி இன்று இல்லை. ராமானுஜர் தம் உரையில் மேற்கோளாக எடுத்துக்காட்டிய சில துண்டுகள்தான் மிச்சம். காஷ்மீரத்தில் பூட்டி வைத்துக் காப்பாற்றினார்களே, அந்தப் பிரதியும் போய்விட்டது. ஆழ்வான் தலைக்குள் இருந்த பிரதி அவரோடு போய்விட்டது. மண்டபத்தில் உட்கார்ந்து ஊருக்கே வாசித்த பாரதம் மட்டும் நிற்கிறது.

ஓலைச்சுவடி காலத்தில் இது சும்மா ஒப்புமை கிடையாது, அப்பட்டமான நடைமுறை. நம்முடைய வெயிலுக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஓலை சில நூறு வருஷம் தாங்கினாலே அதிகம். அதற்குள் யாராவது புது ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். யார் எழுதுவார்? அதைத் திரும்பப் படிக்கிறவர்தான். எல்லோரும் ஒரு தடவை படித்து, நல்லா இருக்கு என்று பரணில் வைத்த நூல் மூன்று தலைமுறையில் பொடியாகிவிடும். வளையாபதியும் குண்டலகேசியும் ஐம்பெருங்காப்பியங்களில் இடம்பெற்றவை, சாதாரண நூல்களாக இருந்திருக்க முடியாது. இன்று நமக்கு உதிரிப் பாடல்கள் மட்டும்தான். பாரதமோ திரும்பப் படிக்கப்பட்டதோடு நிற்காமல் திரும்ப எழுதவும் பட்டது. மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதைத் தங்கள் முன்னோர் சாதனையாகப் பாண்டியரின் சின்னமனூர்ச் செப்பேடு சொல்கிறது. பிறகு பெருந்தேவனார், வில்லிபுத்தூரார், நல்லாப்பிள்ளை. நம் காலத்தில் ராஜாஜி. 2014-இல் தொடங்கி 2020 வரை ஜெயமோகன் எழுதிய 'வெண்முரசு' 26 நாவல்கள். எல்லோரும் முடிவு தெரிந்துதான் உட்கார்ந்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு மறுவாசிப்பு என்றாலே புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். என் அனுபவம் அப்படி இல்லை. 'சிவகாமியின் சபத'த்தின் முதல் மூன்று வாசிப்பும் கிட்டத்தட்ட ஒரே வாசிப்புதான். ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பக்கத்தில் புல்லரித்ததோ, கல்லூரியிலும் அந்தப் பக்கத்தில்தான் புல்லரித்தது. பிடித்த இடத்துக்கு வேகமாக ஓடி, மற்றதைத் தாண்டி, மறுபடி ஓட்டம். சினிமாப் பாட்டைத் திரும்பக் கேட்பது மாதிரி. அது தப்பில்லை, ஆனால் அதற்கு ஒரு புதுப் புத்தகத்தைப் பலி கொடுக்கலாமா என்றால், கூடாது என்றுதான் சொல்வேன்.

நான்காவது தடவையில்தான் ஆயனர் தென்பட்டார். சிவகாமியின் அப்பா, சிற்பி. அஜந்தா ஓவியங்களின் அழியாத வர்ணம் எப்படிச் செய்கிறார்கள் என்ற ஒரே பித்தில் இருப்பவர். பரஞ்சோதியின் நீண்ட பயணமே அவருடைய அந்த ஆசையை ஒட்டித்தான் நடக்கிறது. பள்ளிக்கூட வயதில் எனக்கு அவர் ஒரு காமெடி கிழவர். அவர் வரும் அத்தியாயங்களைப் புரட்டித் தள்ளியிருக்கிறேன். இப்போது எனக்கு நாற்பத்தாறு, வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண். கையில் இருக்கிற வேலையின் ருசியில், பக்கத்து அறையில் மகளுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாத அப்பா ஒருவரைக் கல்கி இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார் என்பது சுருக்கென்று தைத்தது. 1940-களில் தொடராக வந்த நாவல் அது. ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

செப்பேட்டிலும் இதேதான் நடந்தது. முதல் தடவை சண்டை தேடிப் போனேன், சண்டை கிடைத்தது. இருபத்தைந்து பங்கும் அன்றைக்கும் அங்கேதான் இருந்தன.

கூரத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். யானை முதுகு போல பின்பக்கம் வளைந்த அமைப்பில் கட்டப்பட்ட சிவன் கோயில் அது. பழைய கல் பகுதி சிதைந்த நிலையில்தான் இருக்கிறது. பெருமாள் கோயில் நல்ல புழக்கத்தில் இருக்கிறது. அங்கே ஓர் அம்மா தன் பேரனுக்கு ஆழ்வான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். புஸ்தகத்தைப் பிடுங்கிண்டு போன கட்டம் வந்ததும் பையன் முந்திக்கொண்டு, "அவருக்குத்தான் மனப்பாடம் ஆயிடுச்சே" என்றான். அம்மா, "இருடா, நான் சொல்றேன்" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எத்தனையாவது தடவையோ.

மனைவியோடு ஒரு சமரசம் ஆகியிருக்கிறது. மூட்டையைப் பிரித்து, மூன்று புதுசு படித்தால் ஒன்று பழசு. நாவலில் இப்போது மூன்றாம் பாகம், 'பிக்ஷுவின் காதல்' ஓடுகிறது. செப்பேட்டில் இன்னொரு இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்குப் பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு கால்வாய் பற்றிய வரிகள். முதல் தடவை அதையும் தாண்டித்தான் போயிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கத்தை வரைபடத்தோடு வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன்.