ஒரு வரைவுத் தீர்மானத்துக்கு உரை

மாதிரி ஐ.நா. மாநாட்டில் மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து வாதாடுகிறார்கள். தி ஹேக் நகரில் 1968 முதல் பள்ளி மாணவர்களுக்கு இப்படியொரு மாநாடு நடக்கிறது. அத்தனை பேச்சும் போய்ச் சேரும் இடம் வரைவுத் தீர்மானம். விளக்கத்துக்காக நாமே எழுதிய வரைவு ஒன்றையும் அதன் உரையையும் இங்கே காணலாம்.

முன்மொழிவோர்: கென்யா, நார்வே. கையொப்பமிட்டோர்: பிரேசில், ஜப்பான்.

முன்மொழிந்தவர்கள் வரைவுக்குப் பொறுப்பாளிகள். கையொப்பமிட்டவர்களோ இது விவாதத்துக்கு வரட்டும் என்று மட்டுமே சொல்கிறார்கள். பிறகு எதிர்த்தும் வாக்களிக்கலாம். போதிய கையொப்பம் இல்லாத வரைவை அவைத்தலைவர் ஏற்கமாட்டார். மாணவர்கள் ‘அன்மாட்’ என்று அழைக்கும் இடைவேளையில், இருக்கையை விட்டெழுந்து கூடிப் பேசித்தான் கையொப்பம் சேர்க்கிறார்கள்.

பொதுச்சபை, சுற்றுச்சூழல் பேரவை 2022 மார்ச்சில் நைரோபியில் எடுத்த முடிவை நினைவுகூர்ந்து,

இது முகப்புரை. பழைய உடன்பாடுகளையும் உண்மைகளையும் சுட்டும். எதையும் செய்யச் சொல்லாது. ஆனால் இங்கும் அரசியல் உண்டு. பிளாஸ்டிக் மாசுக்கு எதிராகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் பேச வழிவிட்டது நைரோபி முடிவு. அத்தகைய கட்டுப்பாட்டை விரும்பாத நாடு இந்த வரியை நீக்கவே பார்க்கும்.

1. பிளாஸ்டிக் கழிவைக் குறைக்கத் தேசியத் திட்டம் வகுக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது;

இது செயற்கூறு, இதன் உயிர் வினைச்சொல்லில் இருக்கிறது. நாடுகளுக்கு ‘ஆணையிடுகிறது’ என்று எழுதினால் வரைவு திரும்பி வரும். பொதுச்சபை பரிந்துரைக்கலாம், உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் முடிவு பாதுகாப்பு கவுன்சிலின் அதிகாரம்.

2. வளரும் நாடுகளுக்கு நிதி வழங்குமாறு வளர்ந்த நாடுகளை வலியுறுத்துகிறது.

பணம் வந்ததும் சண்டையும் வரும். ஜப்பானாக அமர்ந்தவர் ‘இயன்றவரை’ என்ற சொல்லைச் சேர்க்கக் கேட்கலாம். முன்மொழிந்தவர்கள் எல்லோரும் இசைந்தால் அது நட்புத் திருத்தமாக வாக்கெடுப்பின்றிச் சேரும். ஒருவர் மறுத்தாலும் அவைதான் வாக்கெடுத்துத் தீர்க்கும். பிறகு முழு வரைவுக்கும் வாக்கெடுப்பு. வருகைப் பதிவில் ‘வந்திருக்கிறேன், வாக்களிப்பேன்’ என்றவர் நடுநிலை வகிக்க முடியாது. பொதுச்சபைக் குழுவில் பெரும்பாலும் சாதாரணப் பெரும்பான்மை போதும். பாதுகாப்பு கவுன்சிலிலோ 15இல் 9 வாக்கு வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினரில் ஒருவர் எதிர்த்தாலும் வரைவு வீழும்.

முதல்முறை செல்லும் மாணவர், மேடைப்பேச்சை மனப்பாடம் செய்யுமுன், தம் நாடு எந்த வினைச்சொல் வரை இறங்கிவரும் என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.