தூங்கும் அழகி புதிர்

‘நான் இங்கே, இப்போது இருக்கிறேன்’ என்பதையே சான்றாகக் கொண்டு நிகழ்தகவு கணிப்பதன் சிக்கலைக் காட்டும் சிந்தனைச் சோதனை. ஞாயிறன்று ஒரு பெண்ணைத் தூங்கவைத்து நாணயம் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால் திங்களன்று மட்டும் எழுப்புவார்கள். பூ விழுந்தால் திங்கள், செவ்வாய் இரு நாளும். முதல் விழிப்பின் நினைவை மருந்து அழித்துவிடும். இந்த விதிகளை முன்பே அறிந்தவள், விழித்ததும், தலை விழுந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கொள்வாள்? மூன்றில் ஒன்று என்றார் தத்துவ அறிஞர் ஆடம் எல்கா (2000). பாதி என்றார் இன்னொரு தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் (2001). வழக்கு இன்னும் தீரவில்லை.

பந்தயம் கட்டச் சொன்னால் சற்றுத் தெளிகிறது. விழிக்கும்போதெல்லாம் பணம் கைமாறினால் மூன்றில் ஒன்று எனக் கணக்கிடுபவள் தப்புவாள். மொத்தத்துக்கும் ஒரே பந்தயமென்றால் பாதிதான் சரி. ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஆம்ஸ்ட்ராங் 2011இல் நிகழ்தகவுச் சண்டையை ஒதுக்கிவிட்டு முடிவை மட்டும் ஆராய்ந்தார்: விழிப்புகளின் ஆதாயத்தைக் கூட்டுகிறாளா, சராசரி எடுக்கிறாளா என்பதைப் பொறுத்தே அவள் கட்டவேண்டிய பந்தயம் மாறுகிறது.