குருத்தணு மாற்றுச் சிகிச்சையில் உடற்பயிற்சி

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடந்துவரும் குருத்தணு மாற்றுச் சிகிச்சையில், குருதி எண்ணிக்கை மீளும்வரை நோயாளி வாரக்கணக்கில் தனியறையில் இருப்பார். வீரியமான கீமோதெரபியோடு படுக்கையும் தசையைக் கரைக்கும். ஸ்டீரொய்ட் சேர்ந்தால் தொடைதான் முதலில் தளரும். ஆகவே சிகிச்சைக்கு முன்பே இயன்மருத்துவர் ஆறு நிமிட நடையை அளந்து வைப்பது நல்லது. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது அற்பமாகத் தோன்றும். தொடைக்கு அதுவே நல்ல பயிற்சி. சேலைன் கம்பத்தைத் தள்ளியபடி அறைக்குள் நடப்பதும் கணக்கில் சேரும். அளவைத் தீர்மானிப்பது அன்றைய குருதி அறிக்கை: சிறுதட்டுகள் மைக்ரோலீற்றருக்கு 50,000க்குக் குறைந்தால் பாரம் தூக்குவது பொதுவாகத் தவிர்க்கப்படும், 10,000க்குக் கீழே பல இடங்களில் பயிற்சியே நிற்கும். காய்ச்சலென்றால் ஓய்வு. சிகிச்சை முடிந்து இலங்கையில் பல்லேகல போன்ற கண்டிப் புறநகருக்குத் திரும்புபவர், ஏற்றப் பாதைக்காகப் படியேறவும் பழகவேண்டும்.